மறு: ‘நானி டாக்ஸ்’ – ‘ஆயா வரி’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர் கட்டும் வரியைப் பேச்சில் ‘நானி டாக்ஸ்’ (nanny tax) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஆயாவும் குடும்பமும் ஆளுக்கொரு பங்கு போடுவதால் ‘இருபங்கு வரி’ என்று நேற்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> ‘ஆயா வரி’ என்றே போட்டுவிடலாமே, படித்ததும் புரியும்.

படித்ததும் தப்பாகப் புரியும் ஐயா, அதுதான் சிக்கல். ஆயாவுக்குப் போட்ட வரி போல் இருக்கிறது. வட மாவட்டத்துக்காரருக்கு ஆயா என்றால் பாட்டி வேறு.

அமெரிக்காவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் குடும்பத்தைச் சட்டம் முதலாளியாக நடத்துகிறது. 2025இல் ஒருவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ ரொக்கச் சம்பளம் கொடுத்திருந்தால், சமூகப் பாதுகாப்புக்கு (அரசு ஓய்வூதியத் திட்டம்) 6.2, மெடிகேருக்கு (முதியோர் மருத்துவக் காப்பீடு) 1.45 என 7.65 விழுக்காட்டை அவர் சம்பளத்தில் பிடித்து, அதே அளவைக் குடும்பமும் தன் கையிலிருந்து போட்டுக் கட்ட வேண்டும். கிட்டத்தட்ட நம் ஊர் பிஎஃப் மாதிரி. ஆயாவின் வருமான வரியைப் பிடிப்பது கட்டாயமில்லை. அவர் கேட்டு, குடும்பமும் சம்மதித்தால்தான். அதனால் ‘சம்பள வரி’ என்றால் வருமான வரியோடு குழம்பும். ‘வீட்டு வரி’யோ நகராட்சிக்குக் கட்டுவது!

> நீங்கள் சொன்ன ‘இருபங்கு வரி’ வேலையின்மைக் காப்பு வரிக்குப் பொருந்துமா?

பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு காலாண்டில் வீட்டு வேலைக்கு மொத்தம் 1,000 டாலர் சம்பளம் கொடுத்தாலே அந்த மத்திய வரி வந்துவிடும். ஆளுக்கு முதல் 7,000 டாலர் வரைக்கும்தான், ஆனால் முழுக்க முதலாளி தலையில். அப்புறம், ஆயாவின் 7.65ஐப் பிடிக்காமல் குடும்பமே சேர்த்துக் கட்டவும் சட்டம் இடம் தருகிறது. பங்கு எங்கே இருக்கிறது? நேற்று நான் போட்ட சொல்லை நானே எடுத்துவிடுகிறேன்.

1993இல் அதிபர் கிளின்டன் அட்டர்னி ஜெனரலாக (நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக) முன்மொழிந்த ஜோயி பேர்ட் விலக நேர்ந்தது நினைவிருக்கும். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்ததும், இந்த வரியைக் கட்டாததும்தான் காரணம். மாட்டிக்கொண்டது ஆள் வைத்தவர். சொல்லும் அவரைத்தான் காட்ட வேண்டும்.

முதலில் ‘ஆள்வைப்பு வரி’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார்கள். ‘வைப்பு’ அப்படிப்பட்ட சொல். ஆகவே ‘ஆளமர்த்து வரி’. தோட்டக்காரர், சமையல்காரர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் செல்லும். அலுவல் வழக்குக்கு ‘வீட்டு ஆளமர்த்து வரி’. பேச்சில் ‘ஆயா வரி’ இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, ஆள் வைக்கும் குடும்பத்தை என்னவென்று சொல்வது? ‘வீட்டு முதலாளி’ என்றால் வாடகை கேட்டு வந்து நிற்பவர் போல இருக்கிறது. ‘வீட்டுக்காரர்’ கணவராகிவிடுவார். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.