வாரம் ஒரு தடவ மெத்தோட்ரெக்ஸேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட்... டிஎன்ஏவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மொட்டைமாடி:
அம்மாவுக்கு முடக்குவாதம், அதான் மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துல ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட். மெடிக்கல்ல இருக்குற அண்ணன்கிட்ட கேட்டா "ஒண்ணு டிஎன்ஏவ நிறுத்தும், இன்னொண்ணு குடுக்கும்"னு சிரிச்சிட்டு அடுத்த ஆள் சீட்ட வாங்கிட்டார். பிளஸ் டூவுல டிஎன்ஏவோட நாலு எழுத்து ஏ, டி, ஜி, சி மனப்பாடம் பண்ணதோட சரி, அந்த நாலும் எங்கேர்ந்து வருதுனு யாரும் சொன்னதில்ல. சாப்பாட்டுலேர்ந்து அப்படியே எடுத்துக்குமா?

லேப்காக்கா:
சாப்பாட்டுலேர்ந்து கிடைக்கிறது கொஞ்சம்தான். செல்லே செஞ்சுக்கும், உடைஞ்ச பழசையும் பொறுக்கி வச்சுக்கும். வேடிக்கை என்னன்னா முதல்ல ஆர்என்ஏவுக்கான செங்கல்லத்தான் அறுக்கும், அப்புறம் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் அந்த சர்க்கரையில இருக்குற ஒரே ஒரு ஆக்சிஜன கழட்டி விட்டுடும், டிஎன்ஏ கல் ரெடி.

டி மட்டும் தனி கேஸு. ஆர்என்ஏவுல டி கிடையாது, யு தான், அந்த யு மேல மெத்தில்னு ஒரு கார்பன் துண்டு ஒட்டுனாதான் டி. அந்த ஒத்த கார்பன சுமந்துட்டு வர்ற கூலியாள் ஃபோலேட், அம்மா போடுற ஃபோலிக் ஆசிட் உடம்புக்குள்ள போய் மாறுறது இதாத்தான். சுமைய இறக்குனதும் ஆள் சோர்ந்து வேற உருவத்துக்குப் போயிடுவார், அவர மறுபடி வேலைக்குத் தயார் பண்றது டிஹெச்எஃப்ஆர்னு ஒரு என்சைம், மெத்தோட்ரெக்ஸேட் போய் சப்பணம் போட்டு உக்காருறது அங்கதான். டி இல்லேன்னா செல் பிரியாது. வாய் உள்தோல், எலும்பு மஜ்ஜை மாதிரி சதா பிரியுற இடம்தான் முதல்ல அடி வாங்கும், வாய்ப்புண் வர்றது அதான்.

ஊசிவெடி:
காக்கா சொன்னது கேன்சர் டோஸுக்கு சரி. முடக்குவாதத்துக்கு குடுக்குறது அதுல ரொம்ப சின்ன அளவு, அங்க வீக்கம் குறையறதுக்கு அடினோசின்னு உடம்பே செய்யுற, வீக்கத்த அடக்குற ஒரு பொருள் கூடுறதுதான் முக்கியமான காரணம்னு சொல்றாங்க. அதான் ஃபோலிக் ஆசிட் சேத்துக் குடுத்தாலும் மருந்து கேக்குது, பக்கவிளைவுதான் குறையுது. மொட்டைமாடி, ஒண்ணு மட்டும் கவனிங்க, மெத்தோட்ரெக்ஸேட்ட மறந்துபோய் தினமும் போட்டு ரத்த அணு எல்லாம் இறங்கி ஐசியூ வரைக்கும் போனவங்க உண்டு.

பழையபேப்பர்:
கொசுறா ஒண்ணு. ஃபோலிக் ஆசிட லேப்ல செஞ்சது லெடர்லி மருந்துக் கம்பெனியில எல்லாப்பிரகட சுப்பாராவ் டீம், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மனுஷன். அதே டீம் செஞ்ச போலி ஃபோலேட்தான் அமினோப்டெரின், 1948ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் அத லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) வந்த குழந்தைங்களுக்கு குடுத்து நோய் கொஞ்ச காலம் அடங்குறத காட்டுனார். மெத்தோட்ரெக்ஸேட் அதோட தம்பி.

மொட்டைமாடி:
காக்கா, கூலியாள் கதைய அம்மாகிட்டயே சொல்லிட்டேன் 😄 ஊசிவெடி, அட்டை மேல பேனாவுல "திங்கள் மட்டும்"னு எழுதி வச்சாச்சு.