அரியமான் பக்கம் ராத்தங்க ஹேமக்கா, டென்ட்டா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் அரியமான் கடற்கரையில தெரிஞ்சவர் தென்னந்தோப்புல நானும் ஃப்ரெண்டும் ராத்தங்கப் போறோம், ஹேமக்தான் (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற தொங்கு படுக்கை) சிம்பிள்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா லிஸ்ட் போட்டா அத மரத்துல கட்டுற ஸ்ட்ராப், தார்ப்பாய், கொசுவலைன்னு நீண்டுக்கிட்டே போகுது, இதுக்கு டென்ட்டே தேவலையா?

பனங்காட்டான்: கட்டத் தெரிஞ்சா ஹேமக்தான். ஸ்ட்ராப் 30 டிகிரி சாய்வுல இருக்கணும், கொஞ்சம் குறுக்கால படுத்தா முதுகு வளையாது. முதல்ல அண்ணாந்து பாருங்க, காய் வெட்டாத மரத்துல கட்டுனா தலையில தேங்காய் விழும், அப்புறம் கொசுவலையப் பத்தி யோசிச்சு என்ன பண்ண :)

மண்டபத்தான்: டென்ட் என்ன சிம்பிளு? கடல் மணல்ல முளை நிக்காது, ஆடிக் காத்துல மொத்தமா பிடுங்கிட்டுப் போயிரும், பையில மணல ரொப்பி கயித்தக் கட்டி ஒரு முழம் ஆழத்துல புதைக்கணும். உள்ள புழுக்கம் வேற. தனுஷ்கோடி மாதிரி வெட்டவெளின்னா ஹேமக்க எங்க கட்டுறது, அங்க ராத்திரி தங்கவே விடமாட்டாங்க அது வேற கதை.

கேள்வி கேட்டவர்: மரத்துக்கு மரம் ரொம்ப தூரமா இருக்கே ப்ரோ, எட்டுமா?

பனங்காட்டான்: தென்னைக்கு 25 அடி வழக்கம்தான். நீள ஸ்ட்ராப்பா வாங்குங்க, தூரம் கூடக்கூட உசரமா கட்டணும், அதனால ஒரு ஸ்டூலும் கேட்டு வச்சுக்கோங்க.