புதுப்பிப்பு: ஒரே நாளில் மாமல்லபுரம், அம்மாவுடன்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்து, முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரச் சிற்பங்களை ஒரே நாளில் பார்க்க இயலுமா என்று யாழ்ப்பாண உறவுகளிடம் முன்பு கேட்டிருந்தேன். இயலும், ஆனால் குன்றின் மேலுள்ள குடைவரைகளை மட்டும் அவர் விட்டுவிட வேண்டியிருந்தது.

காலையிலேயே, ஒற்றைக்கல்லில் தேர் போலச் செதுக்கிய கோயில்களான ஐந்து ரதங்களுக்குச் சென்றோம். கல்மேல் கல் வைத்துக் கட்டாமல், நின்ற பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியதால், உச்சிகள் நேர்த்தியாக முடிந்திருக்க, சிலவற்றின் அடிப்பகுதி கரடுமுரடாகவே நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் வேலைமுறை அந்த அரைகுறையில்தான் தெளிவாகத் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழும் நமக்கு, இத்தனை கருங்கல் ஓரிடத்தில் கிடப்பதே சற்றுப் பொறாமை தருவதுதான்.

அதிக நேரம் நின்றது அர்ச்சுனன் தபசு என்னும் பாறைப் புடைப்புச் சிற்பத்தின் முன்னால். ஏறத்தாழ 27 மீற்றர் நீளமான பாறையின் நடுவேயுள்ள இயற்கைப் பிளவை, நாகர்கள் நீந்தும் ஆறாகவே மாற்றியிருக்கிறார்கள். பெரிய யானையின் அருகே பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் அம்மாதான் முதலில் கண்டார். தெருவோரத்தில் இருப்பதால் ஏறவும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுப் போதும். நாம் சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் இந்தியருக்குரிய கட்டணமே அறவிடப்படும். ஆகவே அதைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள்.