பகிர்ந்த தரவுத்தொகுப்பின் பயனை எதைக் கொண்டு அளப்பது?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கம். பேரூரிலிருந்து நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் வரை 64 தோட்டத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின்) அளவையும் மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் எடுத்து, ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பதிவேற்றியிருக்கிறேன். பங்காளித் தகராறில் பூட்டிக் கிடந்த ஒரு தோட்டத்துக்குச் சாவி வாங்க மட்டும் நான்கு முறை நடந்தேன். இப்போது பதவி உயர்வுக் குழு இதன் தாக்கத்தை எண்ணால் காட்டச் சொல்கிறது. பதிவிறக்கம் 1,130, மேற்கோள் 2 என்று பக்கம் காட்டுகிறது. இவற்றில் எதை எழுதுவது?

ஏட்டுக்கட்டு (கோவை, நூலகர்):
இரண்டையும் விளக்கமின்றி எழுதிவிடாதீர்கள். பதிவிறக்கத்தில் தானியங்கி நிரல்களின் வருகையைக் கழித்து, ஒருவரே அடுத்தடுத்துச் சொடுக்கியதை ஒன்றாக எண்ணும் முறையை, மின்னிதழ்ப் பயன்பாட்டை அளக்க நெறி தரும் கவுன்டர் அமைப்பும் தரவுப் பயன்பாட்டை அளக்க முனையும் மேக் டேட்டா கவுன்ட் முயற்சியும் 2018-இல் ஆய்வுத்தரவுக்கென வகுத்தன. ஜெனோடோவும் அதைப் பின்பற்றுவதால் உங்கள் 1,130 பெரும்பாலும் மெய்யான எண்தான். ஆனால் இறக்கியவர் கோப்பைத் திறந்தாரா என்பதை அது சொல்லாது.

மேற்கோள் எண்ணின் சிக்கல் நேர்மாறானது. தரவின் டிஓஐ எண் (இணையத்தில் அதற்குரிய நிலையான அடையாள எண்), கட்டுரையின் துணைநூற்பட்டியலில் முறையாக இடம்பெற்றால்தான் அது பதிப்பகத்திலிருந்து கட்டுரைகளின் டிஓஐ பதிவகமான கிராஸ்ரெஃப் வழியாக, தரவுகளின் பதிவகமான டேட்டாசைட்டை எட்டிக் கணக்கில் ஏறும். நன்றியுரையிலோ அட்டவணையின் அடிக்குறிப்பிலோ எழுதினால் தப்பிவிடும். மேலும், ஜெனோடோ ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ எண்ணும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒன்றும் தருகிறது. அவை அனைத்தையும், கோப்பின் தலைப்பையும் கூகுள் ஸ்காலரில் தனித்தனியே தேடுங்கள்.

மஞ்சக்காடு (ஈரோடு):
இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மஞ்சள் பாசனம் பற்றிய என் கட்டுரைக்கு உங்கள் தொகுப்பிலிருந்து கொடுமுடிப் பக்கத்துக் கிணறுகள் பதினொன்றை எடுத்துக்கொண்டேன். தரவைப் பட்டியலில் சேர்க்கும் வழக்கமில்லை என்று நெறியாளர் சொன்னதால், நன்றியுரையில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். உங்கள் இரண்டில் நான் இல்லை.

ஏட்டுக்கட்டு:
கட்டுரைக்குரிய அதே மதிப்போடு தரவையும் மேற்கோள் காட்ட வேண்டும் என்று தரவு மேற்கோள் நெறிகள் பற்றிய 2014-இன் கூட்டறிக்கையே சொல்லிவிட்டது. நெறியாளரிடம் அதைக் காட்டுங்கள்.

சந்தேகப்பிராணி (பொள்ளாச்சி):
பட்டியலில் ஏறினாலும் பெயர் நிற்குமா? புள்ளியியல் வகுப்பில் எல்லோரும் தொடும் 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளைத் திரட்டியவர் எட்கர் ஆண்டர்சன். 1936-இல் அவற்றை வைத்துக் கட்டுரை எழுதிய புள்ளியியலாளர் பிஷரின் பெயராலேயே அத்தொகுப்பு இன்று பெரிதும் வழங்குகிறது.

இன்னொன்று: களஞ்சியத்திலுள்ள தரவுக்கு இணைப்புத் தரும் கட்டுரைகளுக்கு 25 விழுக்காடு வரை கூடுதல் மேற்கோள் கிடைப்பதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அதைக் குழுவிடம் காட்டச் சிலர் சொல்வார்கள். ஆனால் அது கட்டுரை பெறும் பயன், தரவின் பயனன்று. என்னைக் கேட்டால், மஞ்சக்காடு மேலே எழுதியதைப் போன்ற பயன்பாடுகள் மூன்றைத் தேடிப்பிடித்து, யார், எந்தக் கிணறுகளை, எதற்கு எடுத்தார் என்று அரைப்பக்கம் எழுதுவேன். எண்களை அதன்கீழ் வைப்பேன்.

நொய்யல்கரை:
அனைவருக்கும் நன்றி. அப்படியே எழுதுகிறேன். மஞ்சக்காடு அவர்களே, கூச்சம் வேண்டாம்; நீங்கள் இறக்கியது எந்தப் பதிப்பு என்று மட்டும் உடனே சொல்லுங்கள். முதல் பதிப்பில் கொடுமுடிப் பக்கத்துக் கிணறு ஒன்றின் டிடிஎஸ் அளவில் ஒரு சுழியம் கூடுதலாக விழுந்திருந்தது, இரண்டாவதில்தான் திருத்தினேன்.