சுத்த சைவம்தான், ஆனாலும் பிபி 156/98

கமலாலயக்கரை:
வயது 53, திருவாரூர், பள்ளி ஆசிரியை. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. போன மாதம் பள்ளியில் நடந்த முகாமில் சும்மா கையை நீட்டினேன், 156/98 என்றார்கள். கருவி கோளாறோ என்று மறுநாள் வேறு இடத்தில் பார்த்தால் 152/96. டாக்டர் டெல்மிசார்டன் 40 என்ற பிபி மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறைங்க, காய்கறி நிறைய சாப்பிடுங்க" என்று முடித்துக்கொண்டார். காய்கறியைத் தவிர நான் வேறென்ன சாப்பிடுகிறேன்? காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி. மத்தியானம் சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர், கூடவே அப்பளமோ வடகமோ. ராத்திரி தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். பால், தயிரையும் விட்டு முழுக்கத் தாவர உணவுக்கு வந்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறாள் அண்ணன் மகள். யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய கணக்குப்பிள்ளை:
டீச்சர், நீங்கள் சொன்னது ஏழு வருஷத்துக்கு முந்தைய என் தட்டு. நானும் சைவம். எனக்கும் அதே கோபம் வந்தது.

எனக்குக் கணக்குப் புத்தி. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்றைக்கு அதன்மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். 34ஆம் நாள் காலி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குத் தினம் 14 கிராமுக்கு மேல். சிந்தியது, காய் அலசியது என்று மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 10 கிராம் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் என்கிறது. கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரம் வேறு, அதுவும் சோடியம்தான்.

அடுத்தது காய். நம் வீடுகளில் பொரியல் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. அதைத் தட்டில் பாதியாக்கினேன், சோறு கால் தட்டு. தினம் ஒரு கீரை, பாசிப்பருப்பு போட்டு, இறக்கும்போது மட்டும் உப்பு.

தயிரை விட வேண்டாம். அமெரிக்காவில் 1997இல் வந்த டேஷ் என்ற உணவுமுறை ஆய்வில் உப்பைக் குறைக்கவே இல்லை. பழம், காய், கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டியதிலேயே பிபி உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 இறங்கியது. 2001இல் உப்பையும் சேர்த்துக் குறைத்துப் பார்த்தார்கள், பலன் இன்னும் கூடியது. ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றுங்கள், போதும்.

என் விஷயத்தில் மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் இரண்டை ஒன்றாக்கினார். எனக்கு அதுவே பெரிசு.

மருந்துக்கடை கவுண்டர்:
அக்கா, அவசரமாக ஒன்று. உப்பைக் குறைக்கச் சொன்னதும் பலர் நேராக வந்து 'லோ சோடியம்' உப்பு கேட்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கிற மருந்து. சிறுநீரகம் லேசாகப் பழுதாகியிருந்தாலும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த உப்பை வாங்குங்கள். தினம் இளநீர், கீரை என்று இறங்குவதற்கும் இதே பேச்சுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அளக்கும்போது காபி குடித்து அரை மணியாவது போயிருக்கட்டும், ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

உப்புச்சப்பில்லாதவன்:
முதல் மூன்று வாரம் நரகம், சொல்லிவிடுகிறேன். அப்புறம் நாக்கு பழகிவிடும். இப்போது ஓட்டல் சாம்பார் எனக்குக் கரிக்கிறது. தயிர்சாதத்தில் உப்பே போடாமல், பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மாங்காய், கொத்தமல்லி கலந்து பாருங்கள். ரசத்தில் மிளகு, சீரகத்தைக் கூட்டி, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைந்தது பாதிப் பேருக்குத் தெரியாது.

கமலாலயக்கரை:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டும் சரியாக இருக்கிறதாம். நேற்று 134/86. மாத்திரையும் போடுகிறேன், அதனால் எது மருந்தின் வேலை, எது கீரையின் வேலை என்று பிரிக்கத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை சார், நானும் தேதி எழுதினேன். 41 நாளாகிறது, பாக்கெட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை தனியாக வைத்துவிடுகிறேன். அப்பளக்கட்டு எதிர்வீட்டுக்குப் போயாச்சு. நார்த்தங்காய் ஜாடிதான் மனசு வரவில்லை, அம்மா கையால் போட்டது. பரண்மேல் வைத்திருக்கிறேன். எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், எனக்கோ முட்டிவலி.