‘சன்’ ப்ராப்பர் நவுனாம்! விடை போட்டவர் வந்து விளக்கட்டும்

பச்சைமை: இங்கே ஏற்றியிருக்கும் ஏழாம் வகுப்பு ஆங்கில இலக்கண விடைத்தொகுப்பைப் பார்த்தீர்களா? ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ வாக்கியத்தில் ‘சன்’ ப்ராப்பர் நவுனாம், அதாவது ஒன்றுக்கு மட்டும் உரிய தனிப்பெயராம். காரணம், “நமக்கு ஒரே சூரியன்”. ஸ்கையும் ஒன்றுதான், ஈக்குவேட்டரும் ஒன்றுதான். அவற்றுக்கும் கேப்பிடல் போட்டுவிடலாமா?

விடைவேந்தன்: போட்டது நான்தான். சன், மூன், எர்த் மூன்றுக்கும் கேப்பிடல் போடச் சொல்வது சர்வதேச வானியல் ஒன்றியம். நாசாவும் அப்படித்தான் எழுதுகிறது. நீங்கள் அவர்களுக்கும் மேலோ?

பச்சைமை: அது வானியல் எழுத்துக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை நாசாவுக்கா கட்டுரை அனுப்புகிறது? ஏபி செய்தி நிறுவனத்தின் எழுத்துநடைக் கையேடான ஏபி ஸ்டைல்புக்கில் சன், மூன் இரண்டும் சின்ன எழுத்து. எர்த் மட்டும் கோளைக் குறித்தால் பெரிய எழுத்து. சோதனை எளிது. ‘மார்ஸ் இஸ் ரெட்’ நிற்கிறது. ‘சன் இஸ் ஹாட்’ நிற்குமா? ‘தி’யை எடுத்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

கடலோடி: ‘தி’ வந்தா காமன் நவுனா, அதாவது பொதுப்பெயரா? அப்போ தி தேம்ஸ், தி சஹாரா, தி ஹிமாலயாஸ் எல்லாம் என்ன கணக்கு சார்?

பச்சைமை: அவை ‘தி’யோடு சேர்ந்தே வரும் பெயர்கள். அடுத்த சோதனை, ‘எ’ போடுவது, பன்மையாக்குவது. இரட்டை விண்மீன் உள்ள கோளுக்கு ‘டூ சன்ஸ்’ என்று தாராளமாக எழுதலாம். மூனும் அப்படியே. கலிலியோ 1610-ல் வியாழனைச் சுற்றிப் பார்த்தது நான்கு மூன்ஸ். அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்பவை ப்ராப்பர், மூன் காமன்.

கடலோடி: ‘ஆன் மண்டேஸ்’னு பன்மை வருதே, ‘எ மண்டே’னும் வருதே. மண்டேயும் காமன் நவுனா? 😀

பச்சைமை: கிழமை, மாதம் மரபாகவே கேப்பிடல். பருவங்கள் சின்ன எழுத்து. இது தெரியாமல்தான் அதே தொகுப்பில் 14-ம் விடையில் சம்மருக்குப் பெரிய ‘எஸ்’ போட்டிருக்கிறார்.

விடைவேந்தன்: பேச்சை மாற்றாதீர்கள். ‘சன்’னுக்கு வாருங்கள். போன இழையில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ சரியென்று வாதாடியவர்தானே கடலோடி? அவர் துணைக்கு வந்தால் எனக்கென்ன, உங்களுக்கென்ன!

கடலோடி: நான் யாருக்கும் துணை இல்ல. அதை ஏன் இப்போ கிளறுறீங்க?

பெயரெச்சம்: ஒரு நிமிடம். ப்ராப்பர் நவுன் வேறு, ப்ராப்பர் நேம் வேறு. ‘யுனிவர்சிட்டி ஆஃப் கேம்பிரிட்ஜ்’ முழுவதும் ஒரு பெயர். அதற்குள் இருக்கும் யுனிவர்சிட்டி காமன் நவுன்தான். கேப்பிடலும் அளவுகோல் ஆகாது. ‘இந்தியன் ஃபுட்’டில் இந்தியன் அட்ஜெக்டிவ், ஆனாலும் பெரிய எழுத்து. முதலில் வரையறையைப் பேசினால்...

பச்சைமை: வரையறை கிடக்கட்டும். ‘தி’ இல்லாமல் வாக்கியம் எங்கே?

விடைவேந்தன்: நாசா போடுகிறது. நானும் போடுவேன். விடையை மாற்ற மாட்டேன்.

பச்சைமை: நாசாவும் ‘தி சன்’ என்றுதான் எழுதுகிறது, ஐயா! மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: ‘தி’ இல்லாமல் ஒன்று.

விடைவேந்தன்: நீங்கள் முதலில் மண்டேக்குப் பதில் சொல்லுங்கள்.

கடலோடி: அது என் கேள்வி.