பாண்டியனைக் கூண்டில் ஏற்றலாமா? வகுப்பறை வழக்காடு மன்றம்: ஒரு விவாதம்

கெடிலக்கரை டீச்சர் (கடலூர்):

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் மேல் வழக்குப் போட்டோம். கண்ணகி அவனைத் ‘தேரா மன்னா’ என்று அழைத்தாளே, அதையே குற்றச்சாட்டாக எழுதிக்கொண்டோம்: ஆராயாமல் கொலை ஆணை இட்டது. இரண்டு பெஞ்சுகளைக் குறுக்கே நிறுத்தியதுதான் கூண்டு. சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றி இரண்டு சிலம்பு செய்தோம். முத்துக்கு ஜவ்வரிசி, மாணிக்கத்துக்குச் சிவப்புப் பாசிமணி. டவாலியாக நின்ற பையன் “பாண்டியன் நெடுஞ்செழியன்! பாண்டியன் நெடுஞ்செழியன்! பாண்டியன் நெடுஞ்செழியன்!” என்று மூன்று முறை கூவியதில் பக்கத்து வகுப்பு முழுவதும் சன்னலுக்கு வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத ஒரு பையன் அரசன் தரப்பு வழக்கறிஞன். அவன் எழுந்து, “ஆணையில் ‘கையது ஆகின்’ என்று இருக்கிறது. தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று கொண்டு வா என்றுதான் அரசன் சொன்னான். கோவலன் கையில் இருந்தது தேவியின் சிலம்பே அல்ல. ஆகவே ஆணையை மீறியது காவலர்கள்” என்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இருபது வருடங்களாக அந்த வரியை நடத்துகிறேன்; ‘ஆகின்’ என்ற சொல்லில் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

எதிர்த்தரப்புப் பெண் விடவில்லை. “அதே வரியில் ‘கன்றிய கள்வன்’ என்று இருக்கிறதே. பார்ப்பதற்கு முன்பே கள்வன் என்று முடிவு செய்தது யார்?” என்றாள். மூன்று மாணவ நீதிபதிகள், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: குற்றவாளி.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் “நாடகம் போதும், பாடத்தை முடியுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே மேல் ஒரு வழக்கு நடத்த நினைத்திருந்தேன். நடத்தலாமா, கூடாதா?

பழைய வரலாற்று வாத்தியார் (புதுச்சேரி):

கூடாது அம்மா. நேரம் வீணாகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பையன் ‘ஆகின்’ என்ற சொல்லைப் பிடித்தது அழகு. அதற்குக் கூண்டு எதற்கு? உரையாசிரியர்கள் அந்த ஆணையின் சொற்களை என்றோ அலசியிருக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்து வரியைப் படித்தாலே அது கிடைக்கும்.

இலக்கியம் உங்கள் பாடு. வரலாற்றைக் கூண்டில் ஏற்றாதீர்கள். கூண்டு என்று வைத்த உடனே உள்ளே நிற்பவன் ஒன்று குற்றவாளி, இல்லாவிட்டால் நிரபராதி. மூன்றாவது இடம் கிடையாது. டூப்ளே விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதை நமக்குச் சொல்வது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை யார்? அதே டூப்ளேயின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். துரையின் தயவில் வளர்ந்தவர். துரையின் மனைவியை அவருக்கு ஆகாது. கோயிலை ஒட்டி இருந்த சேசு சபைப் பாதிரிமார்கள் பல காலமாக அதை அகற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை இழைகளையும் நாற்பது நிமிடப் பீரியடில் உங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நன்றாகப் பேசத் தெரிந்தவன் மேசையைத் தட்டுவான், கைத்தட்டல் விழும், மணி அடித்துவிடும்.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் கோயிலுக்குப் போகும் பிள்ளையும் சர்ச்சுக்குப் போகும் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் இருப்பார்கள். அன்று மாலை அவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று யோசித்தீர்களா?

முத்தியால்பேட்டை வக்கீல்:

வாத்தியார் ஐயா, வணக்கம். நீங்கள் பயப்படுவது வழக்காடு மன்றத்தைப் பார்த்து. நீதிமன்றத்தைப் பார்த்து அல்ல. கம்பன் விழா மேடைகளில் நாம் கேட்டு வளர்ந்தது சொல் விளையாட்டு. எனக்கும் பிடிக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அங்கே சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. இரண்டு பேச்சாளர்கள், ஒரு நடுவர், அவ்வளவுதான். டீச்சர் நடத்த வேண்டியது வேறு.

நீங்கள் சொன்ன அதே ஆனந்தரங்கப் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். “ஐயா, இடிப்பதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது வந்து சொன்னார்களா?” இது முதல் கேள்வி. “அன்று துரையிடம் நேரில் என்ன சொன்னீர்கள்? வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் என்ன எழுதினீர்கள்?” இது இரண்டாவது. “துரையின் மனைவியோடு உங்களுக்கு என்ன பகை?” இது மூன்றாவது. நீங்கள் ஒரு பத்தியில் அடுக்கிய இழைகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்துவிடும். கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பதினாலு வயதில் வரட்டுமே. எங்கள் தொழிலில் சிலருக்கு நாற்பது வயதிலும் வரவில்லை.

டீச்சருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும்போது பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. “நீ அங்கே இருந்தாய் அல்லவா?” என்று கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கலாம். குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்கலாம். இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பாதிக் கூச்சல் அடங்கிவிடும்.

டூப்ளே சிக்கல் என்றால் பிரெஞ்சுத் தளபதி லாலியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான ஆள். 1758இல் உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியவர். 1760இல் வந்தவாசியில் தோற்றவர். 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர். இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர், தன் மேல் பழி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வழக்கைச் சந்திக்கத் தானாகவே பிரான்சுக்குப் போனார். மூன்று வருடத்துக்கு மேல் சிறை. வாதாட வழக்கறிஞர் கிடையாது. 1766 மே மாதம் பாரீசில் தலையை வெட்டினார்கள், அதுவும் வாயைக் கட்டி அழைத்துப் போய். பிறகு அவர் மகனும் எழுத்தாளர் வோல்டேரும் போராடி, 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பிள்ளைகளிடம் அந்த வழக்கைக் கொடுத்து, அவருக்குக் கிடைக்காத வழக்கறிஞராக நிற்கச் சொல்லுங்கள்.

பழைய வரலாற்று வாத்தியார்:

வக்கீல் தம்பி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். கறுப்பு அங்கி போட்ட உண்மையான நீதிபதிகள், வருடக்கணக்கில் காகிதம் புரட்டி, ஒரு தோல்விக்கு ஒரு தலை வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்கள். தவறு என்று ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தீர்ப்புக்கு மேல்முறையீடு எங்கே?

கல்லூரி மாணவன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் படித்த பள்ளியில் வாலி வதை வழக்கு நடத்தினார்கள். இராமனைக் கூண்டில் நிறுத்தினால் ஊரில் வம்பு வரும் என்று ஆசிரியருக்குப் பயம். கடைசியில் அம்பைக் கூண்டில் நிறுத்தினார். நான்தான் அம்பு. “உன் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்கள். “படிக்கத் தெரியாது” என்றேன். விடுதலை.

பட்டறை வீட்டம்மா (புதுச்சேரி):

நான் எதையும் அதிகம் எழுதுவதில்லை. இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் மகன் படித்த பள்ளியிலும் இதே கண்ணகி வழக்கு நடந்தது. அவனுக்குக் கொடுத்தது பொற்கொல்லன் வேடம். என் வீட்டுக்காரர் நகைப் பட்டறையில் வேலை செய்பவர். தாலி, மூக்குத்தி, குழந்தைகளுக்கு அரைஞாண் எல்லாம் செய்வார். ‘வீட்டிலேயே சாமான் இருக்கும், இவனே கொல்லனாக இருக்கட்டும்’ என்று யாரோ சொன்னார்களாம். குறடும் ஊதுகுழலும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனான்.

தீர்ப்பில் அரசனுக்குப் பாதிக் குற்றம், கொல்லனுக்கு முழுக் குற்றம். அரசனாக நடித்தவனை மறுநாளே எல்லாரும் மறந்துவிட்டார்கள். என் பையனுக்கு வருடம் முடியும் வரை ‘கள்ளக் கொல்லன்’ என்றே பெயர். யாருடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனாலும் முதலில் இவன் பையைத்தான் திறந்து பார்த்தார்கள். ஒரு நாள் இரவு அப்பாவிடம், “நம் தாத்தாவுக்குத் தாத்தா மதுரையில் இருந்தாரா?” என்று கேட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆசிரியர் கெட்டவர் அல்ல. ஆனால் வேடத்தைக் கழற்றி வைக்கச் சில பிள்ளைகளால் முடிவதில்லை, மற்றவர்களும் விடுவதில்லை.

புதுப்பாளையம் வாசகர்:

ஒரு யோசனை மட்டும். 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி, நம் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். விசாரணை நடக்காமலேயே டிசம்பரில் விடுதலையானார். நடக்காமல் போன அந்த வழக்கை நடத்துங்கள். வம்பில்லாத வழக்கு.

கெடிலக்கரை டீச்சர்:

வம்பில்லாத வழக்கில் என்ன வாதம் வரும் ஐயா? எல்லாரும் ஒரே பக்கம்தான் பேசுவார்கள்.

பட்டறை வீட்டம்மாவுக்கு: நேற்று இரவு உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் வகுப்பில் பொற்கொல்லனாக நின்றவன் யார் என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காலையில் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். “ஒன்றும் இல்லை மிஸ்” என்றான். அந்த ‘ஒன்றும் இல்லை’க்குப் பொருள் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு நூலை மறுபடி எடுத்தேன். கொலைக்களக் காதையில் காவலர்களில் சிலர் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவன் போல் இல்லை என்கிறார்கள். கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் வாளை வீசுவது ஒரு கல்லாக் களிமகன், படிப்பறியாத குடிகாரன். நாங்கள் காவலரில் ஒருவரைக்கூடச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. அரசன், கொல்லன், கண்ணகி, மூன்றே பேர். நாற்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று பேர் மேல் முழுச் சுமையையும் ஏற்றியிருக்கிறேன்.

பழைய வரலாற்று வாத்தியார்:

நூலை எடுத்தீர்கள் அல்லவா, இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். நூலின் தொடக்கத்தில் வரும் உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் வந்தது. கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஈரைஞ்ஞூற்றுவரை, அதாவது ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்றான். ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். வழக்குரை காதையை மேடை ஏற்றுகிறவர்கள் யாரும் அந்த வரியை ஏற்றுவதில்லை. அந்த அம்மாவின் மகன் பையைத் திறந்து பார்த்தார்களே, அது இதன் சின்னக் கிளை. கூண்டு வைத்தால் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொன்னால் வக்கீலுக்குக் கோபம் வருகிறது.

முத்தியால்பேட்டை வக்கீல்:

கோபம் இல்லை ஐயா. அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்காவது கூண்டு வைத்தார்களா? கோவலனுக்கு வைத்தார்களா? அந்தக் காப்பியத்தில் விசாரணை நடந்தது ஒரே ஒரு தடவை, கண்ணகி வாயிலில் வந்து நின்ற பிறகு. அந்த ஒரு தடவைதான் உண்மை வெளியே வந்தது. மற்ற இரண்டு இடத்திலும் விசாரிக்காமல் வெட்டினார்கள். டீச்சர், அடுத்த வழக்கு இதுதான்: வெற்றிவேற் செழியன் மேல். ஆயிரம் பேர் சார்பில்.

பழைய வரலாற்று வாத்தியார்:

அது நடந்தால் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். ஆனால் தீர்ப்பு வேண்டாம். வாதம் முடிந்ததும் மணி அடிக்கட்டும்.

முத்தியால்பேட்டை வக்கீல்:

தீர்ப்பு இல்லாத வழக்கில் யாரும் கோப்பைப் படித்துவிட்டு வர மாட்டார்கள். எழுத்தில் தீர்ப்பு வேண்டும், காரணத்தோடு, மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்து. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

பழைய வரலாற்று வாத்தியார்:

நானும் இறங்கவில்லை.

கெடிலக்கரை டீச்சர்:

வேடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது, பாதியில் இரண்டு தரப்பும் இடம் மாறிக்கொள்வது என்று இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறேன். பொற்கொல்லனாக இனி யாரும் நிற்க வேண்டாம். அவன் சொன்னதை டவாலி காகிதத்தில் வைத்துப் படிக்கட்டும். தீர்ப்பு விஷயத்தில் உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் மறுபடி இரண்டு பீரியட் வாங்க வேண்டும். அது தனி வழக்கு.

பட்டறை வீட்டம்மா:

என் மகனை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அவன் வர மாட்டான். ஆனால் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஜவ்வரிசி என்றதும் சிரித்துவிட்டார். பித்தளையில் இரண்டு சிலம்பு செய்து தருகிறாராம், உள்ளே பரல் போடத் திருகு வைத்து. ஒரு விஷயம் மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்: வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமா, கைதேர்ந்தவன் பார்த்தால் வித்தியாசம் தெரிய வேண்டுமா?